கணக்கில் வராத கட்டணம்

இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை நம் வீட்டு மின்கட்டணம் கணக்கிடப்படுகிறது. தொகை சற்றுக் கூடியிருந்தால் முணுமுணுக்கிறோம். கட்டிய பின் கடன் தீர்ந்தது என நிம்மதி கொள்கிறோம். உண்மையில் அந்தக் கடன் தீர்வதில்லை. நாம் ஏற்றிய விளக்கின் விலையில் ஒரு பகுதியை மட்டுமே நாம் செலுத்துகிறோம். எஞ்சியதை நாம் அறியாத யாரோ ஓர் ஏழை, தம் மூச்சாலும் பிழைப்பாலும் செலுத்திக்கொண்டிருக்கிறார்.

“நிலக்கரி மின்சாரமே மலிவானது. அதை எதிர்ப்பவர்கள் வளர்ச்சிக்கு எதிரிகள்” என்று கூறுவோர் உண்டு. படித்தவர்களும் பொறுப்பில் இருப்பவர்களும்கூட இதை ஐயமின்றி ஒப்பிக்கின்றனர். இக்கூற்றை நாம் மறுக்கிறோம். நிலக்கரி மின்சாரம் மலிவாகத் தோன்றுவதற்குக் காரணம், அதன் செலவில் பெரும்பங்கு எந்தக் கணக்கேட்டிலும் எழுதப்படாமல் இருப்பதே.

இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. சென்னைக்கு வடக்கே, கொசஸ்தலையாறு கடலோடு கலக்கும் எண்ணூர் முகத்துவாரத்தைப் பார்ப்போம். 1970இல் அங்கே முதல் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1990களில் 630 மெகாவாட் திறனுடன் வடசென்னை அனல்மின் நிலையம் எழுந்தது. பின்னர் அதனுடன் 1,200 மெகாவாட் சேர்ந்தது. அருகிலேயே வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம் அமைந்தது. பழைய எண்ணூர் நிலையம் 2017இல் மூடப்பட்டது. ஆயினும் 2024 மார்ச்சில் 800 மெகாவாட் திறனுள்ள மற்றோர் அலகு தொடங்கி வைக்கப்பட்டது. ஒரே முகத்துவாரம் இத்தனை உலைகளையும் தாங்க வேண்டும் என்று தீர்மானித்தபோது, அங்கே வலைவீசிப் பிழைப்பவர்களின் சொல் எந்த அளவுக்கு எடுபட்டது?

நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் மிகுதி. நூறு டன் எரித்தால் முப்பது முதல் நாற்பத்தைந்து டன் வரை சாம்பலாகவே எஞ்சும். அதில் ஒரு பகுதி சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் போகிறது. மற்றொரு பகுதி நீரில் கரைக்கப்பட்டு, குழாய்களின் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்பப்படுகிறது. எண்ணூரில் அக்குழாய்கள் ஆண்டுக்கணக்கில் கசிந்தன, உடைந்தன. சாம்பல் சேறு ஆற்றிலும் உப்பங்கழியிலும் படிந்தது. ஆழமாக ஓடிய இடங்கள் மேடாயின. இறாலும் நண்டும் வளர்ந்த சேற்றுப்படுகையைச் சாம்பல் மூடியது. வலைவீசும் மீனவரும், நீரில் அமர்ந்து கையால் தடவியே இறால் பிடிக்கும் இருளர் மக்களும் பிழைப்பிழந்து நின்றனர். சாம்பல் குளத்தை ஒட்டியுள்ள செப்பாக்கம் சிற்றூரில், காற்று வீசும் நாள்களில் சாம்பல் வீட்டுக்குள்ளேயே வந்து படிகிறது. அது அடுப்புச் சாம்பலைப் போன்றதன்று. அதில் ஆர்செனிக், ஈயம், குரோமியம், பாதரசம் போன்றவை சிறிய அளவில் கலந்திருக்கின்றன. சிறிய அளவு என்பது ஒரு கைப்பிடிக்குப் பொருந்தும். மலைபோல் குவியும்போது பொருந்தாது.

“தூசியைப் பிடிக்கக் கருவிகள் இருக்கின்றன, புகைப்போக்கிகளும் மிக உயரமானவை” என்பது அடுத்த வாதம். மின்விசையால் தூசியை ஈர்க்கும் கருவிகள் செம்மையாக இயங்கினால் புகையிலுள்ள சாம்பலில் பெரும்பகுதியைப் பிடித்துவிடும் என்பது உண்மையே. ஆனால் வாயுக்கள் அவற்றுக்குப் பிடிபடுவதில்லை. 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் திறனுள்ள அலகுகளுக்கு 275 மீட்டர் உயரப் புகைப்போக்கி வேண்டும் என நம் நாட்டில் விதிக்கப்பட்டது. அந்த உயரம் நஞ்சைக் குறைப்பதில்லை. தொலைவுக்குக் கொண்டுசென்று பரப்புகிறது. கந்தக டை ஆக்சைடு வானில் உருமாறி நுண்துகளாகி நுரையீரலின் ஆழம்வரை செல்கிறது. மழையோடு கலந்து அமிலமாகவும் இறங்குகிறது. நம் வீட்டுக் குப்பையை மதிலுக்கு அப்பால் வீசிவிட்டு, வீடு தூய்மையாயிற்று என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

இவ்வாயுவைப் பிடிக்கும் கருவிகளும் உண்டு. நடுவண் அரசு 2015 டிசம்பரில் இதற்கான வரம்புகளை அறிவித்து, இரண்டாண்டு அவகாசம் தந்தது. அந்தக் கெடு ஒருமுறையன்று, பலமுறை நீட்டிக்கப்பட்டது. முடிவில், 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்கள் அக்கருவிகளைப் பொருத்தும் கடமையிலிருந்தே விடுவிக்கப்பட்டன. நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு என்பது சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. விழுக்காடு குறைவுதான், எரிக்கும் அளவோ பெரிது. 2024-25ஆம் ஆண்டில் இந்தியா வெட்டியெடுத்த நிலக்கரி நூறு கோடி டன்னைக் கடந்தது. கருவிக்குச் செலவு அதிகம் என்றும் சொல்லப்பட்டது. கருவியின் விலையைக் கணக்கிடத் தெரிந்தவர்கள், இரைப்பு நோயால் இரவெல்லாம் விழித்திருக்கும் குழந்தையின் மருந்துச் செலவை எந்தக் கணக்கில் எழுதினார்கள்?

கண்ணுக்குத் தெரியாத மற்றொரு கழிவு கரியமில வாயு. பன்னிரண்டு கிலோ கரி முழுமையாக எரிந்தால் நாற்பத்து நான்கு கிலோ கரியமில வாயு உண்டாகும். நிலக்கரியிலிருந்து ஒரு யூனிட் மின்சாரம் பெறும்போது ஏறத்தாழ ஒரு கிலோ வாயு வானில் கலக்கிறது. இலவசம் என்று நாம் பெறும் நூறு யூனிட்டும் நிலக்கரியில் பிறந்தவையாயின், அவற்றின் பின்னே நூறு கிலோ வாயு நிற்கிறது. தொழிற்புரட்சிக்கு முன்பு பத்து இலட்சத்தில் 280 பங்காக இருந்த இவ்வாயு இன்று 420 பங்கைத் தாண்டிவிட்டது. வெப்பம் கூடுகிறது, கடல் மட்டம் உயர்கிறது. சாம்பலால் ஆற்றை இழந்த அதே மீனவரின் குடிசையைத்தான் கடலும் முதலில் தொடும்.

“மேலைநாடுகள் எரித்து வளர்ந்தன, நாம் மட்டும் ஏன் நிறுத்த வேண்டும்?” என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1882இல் இலண்டனில் பொதுப்பயனுக்கான நிலக்கரி மின்நிலையம் தொடங்கப்பட்டது. 1952 டிசம்பரில் அதே நகரை நிலக்கரிப் புகைமூட்டம் சூழ்ந்து ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. 2024 செப்டம்பரில்தான் பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை மூடியது. 142 ஆண்டுகள் எரித்தவர்கள் அதற்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவர்கள். அதை நாம் உரக்கக் கேட்க வேண்டும். ஆனால் இலண்டன் செய்த தவறு எண்ணூர்க் குழந்தையின் நுரையீரலுக்கு மருந்தாகிவிடாது.

நிலக்கரியை நம்பி வாழும் தொழிலாளர்களை நாம் குறை கூறவில்லை. மாற்றம் வரும்போது அவர்களைத் தெருவில் நிறுத்தாமல் மாற்று வேலை தருவது அரசின் கடமை. மின்விளக்கு ஏழைக்கு வேண்டாம் என்றும் நாம் சொல்லவில்லை. காற்றாலைகளில் முன்னணியில் நிற்கும் நம் மாநிலத்தில் வேறு வழிகள் உண்டு. மாலையில் கதிரவன் மறைவான், காற்றும் ஓயும். அதற்காகவே மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் ஏற்பாடுகளில் முதலீடு வேண்டும் என்கிறோம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ சுற்றுமடலில், மிகுதியாக மாசுபடுத்தும் எரிபொருள்களை, அவற்றுள்ளும் குறிப்பாக நிலக்கரியை, காலந்தாழ்த்தாமல் படிப்படியாக விட்டொழிக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். அம்மடலைப் பற்றிக் கருத்தரங்குகள் நடத்தினோம், மரக்கன்றுகள் நட்டோம். ஆனால் நம் பங்குத் திருவிழாவில் பத்து நாளும் கோவில் கோபுரத்தை மூடும் மின்விளக்குச் சரங்கள் எங்கிருந்து ஒளி பெறுகின்றன என்று ஒருமுறையேனும் கேட்டோமா? எத்தனை ஆலயங்கள், பள்ளிகள், மருத்துவமனைகளின் கூரைகள் இன்னும் வெறுமனே வெயிலில் காய்ந்துகொண்டிருக்கின்றன?

ஆற்றில் கொட்டிய சாம்பலைக் கொட்டியவர்களே அள்ள வேண்டும். ஏற்கெனவே மூச்சுத் திணறும் ஊரின் தலையில் மேலும் ஒரு புகைப்போக்கியை நிறுத்தலாகாது. புகையைத் தூய்மைப்படுத்தும் கடமைக்கு இனி விலக்கு அளிக்கக் கூடாது. இவற்றைப் பாதிக்கப்பட்டவர்கள் மட்டுமே கேட்டால், அது ஒரு குப்பத்தின் புலம்பலாக ஒதுக்கப்படும். அந்த மின்சாரத்தை நுகரும் நாமும் சேர்ந்து கேட்டால், எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

அடுத்த முறை மின்கட்டணம் செலுத்தும்போது அத்தொகையோடு கணக்கு முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். மீதியைச் செலுத்திக்கொண்டிருப்பவர்கள் எண்ணூரில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.