மாமரத்தின் கீழ் நிற்கும் கார்



விளையும் பயிரை முளையிலே தெரியும் என்பார்கள். வீட்டு முற்றத்தில் சிறுபிள்ளைகள் விளையாடுவதைச் சற்று நின்று பார்த்தால் இது விளங்கும். ஒரு பிள்ளை மண்ணைக் குழைத்து வீடு கட்டும். இன்னொரு பிள்ளை வெறும் மீன் ரின்னில் ஓட்டை போட்டு, தேய்ந்த செருப்பை வட்டமாக வெட்டிச் சில்லாகப் பூட்டி, நூல் கட்டி இழுத்துத் திரியும். வாயாலேயே ஹோர்ன் அடிக்கும். வளைவு வந்தால் உடம்பையும் சரிக்கும். அந்தப் பிள்ளைக்குக் கார் என்றால் உயிர். இந்த விருப்பம் எங்கிருந்து வருகின்றது, வீட்டில் உள்ளவர்கள் அதை என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு கதைக்க விரும்புகின்றேன்.

எங்கள் குடாநாட்டுப் பிள்ளைகளின் முதல் வாகனம் கடையில் வாங்கியதல்ல. நுங்கு குடித்து முடிந்த கோம்பைகள் இரண்டை ஒரு தடியால் பொருத்தி, கவர்த்தடி ஒன்றினால் தள்ளிக்கொண்டு ஓடும் பனங்காய் வண்டில்தான் அது. ஐந்து, ஆறு வயது வரையில் ஆண் பிள்ளையும் தள்ளும், பெண் பிள்ளையும் தள்ளும். அதன் பிறகு நல்லூர்த் திருவிழாவுக்குப் போனால் தம்பிக்குக் காரும் லொறியும், தங்கச்சிக்குச் சட்டி பானையும் வாங்கி வருவோம். யாரும் சட்டம் போட்டுச் செய்வதில்லை. ஆனாலும் வீட்டுக்கு வீடு இப்படித்தான் நடக்கின்றது. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது 'சமூகமயமாக்கல்' என்ற பாடத்தில் இதைப் பக்கம் பக்கமாகப் படித்தோம். திருவிழாக் கடையின் முன்னால் நின்றால் ஐந்து நிமிடத்தில் அந்தப் பாடம் முடிந்துவிடும்.

என்னுடைய வயதுக்காரருக்குக் கார் என்றால் முதலில் நினைவுக்கு வருவது மண்ணெண்ணெய் மணம். 1990ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் தொடங்கிய பின்னர் பெற்றோலும் பற்றறியும் குடாநாட்டுக்குள் வராமல் தடுக்கப்பட்டன. மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் வானொலியில் செய்தி கேட்டோம். அந்த நாட்களில் மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற பழைய பிரித்தானியக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின.

அது எப்படி என்று இளையவர்கள் கேட்பார்கள். பெற்றோல் இலேசில் ஆவியாகும், மண்ணெண்ணெய் சூடு ஏறினால்தான் ஆவியாகும். ஆகையால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயக்குவார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய எஞ்சின்களில் அமுக்கம் குறைவு என்பதால் அவை இதைத் தாங்கிக்கொண்டன. புகை அதிகம், பிளக்கில் கரி பிடிக்கும், எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயையும் நீர்த்துப்போகச் செய்யும். அதையெல்லாம் கழற்றிக் கழுவிப் பூட்டி, அடுத்த நாளும் ஓடவைத்த எங்கள் ஊர் மெக்கானிக்மாரின் கெட்டித்தனத்தை எவ்வளவு சொன்னாலும் தகும்.

சிறுவர்கள் இதையெல்லாம் சுற்றி நின்று பார்த்தார்கள். பெற்றோல் போத்தலைப் பிடித்திருக்கும் வேலை கிடைத்தவன் அன்று ராசா. 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போன இரவிலும், மழைக்குள்ளே புகைத்துக்கொண்டு ஊர்ந்த அந்தக் கார்களைப் பார்த்தோம். நடக்க முடியாத முதியவர்களும் கர்ப்பிணிகளும் அவற்றுக்குள் இருந்தார்கள். ஒரு கார் இயங்கினால் ஓர் உயிர் தப்பும் என்பதை நாங்கள் சிறு வயதிலேயே கண்டுகொண்டோம். இன்று ஊரிலும் வெளிநாட்டிலும் கார் என்றவுடன் கண் விரிகின்ற எங்கள் வயதுக்காரர் பலருக்கு அந்த விருப்பம் அங்கேதான் முளைத்தது. கார் வீட்டில் இருந்தது என்பதால் வந்த விருப்பமல்ல அது. கிட்ட நிற்க விட்டார்கள், தொட விட்டார்கள், ஒரு வேலையைக் கையில் தந்தார்கள். அதனால் வந்தது.

இனி ஒரு தாயைப் பற்றிச் சொல்கின்றேன். பெயரும் ஊரும் வேண்டாம். கணவர் வாடகைக் கார் ஓடியவர். 2007ஆம் ஆண்டு ஒரு காலையில் வெளியே போனவர் திரும்பி வரவில்லை. அவருடைய மொறிஸ் மைனர் வளவுக்குள் மாமரத்தின் கீழ், சிறீ இலக்கத் தகட்டோடு அப்படியே நிற்கின்றது. அப்போது வயிற்றில் இருந்த பிள்ளைக்கு இப்போது பதினேழு வயது. சாதாரணதரப் பரீட்சை எழுதியவள்.

அந்தத் தாய் என்னிடம் சொன்னது இதுதான்: "தங்கச்சி, உவள் பள்ளிக்கூடத்தால வந்தால் காருக்குள்ளதான். படிக்கிறதும் அதுக்குள்ள, சாப்பிடுறதும் அதுக்குள்ள. தேப்பன் வருவார் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறாளோ எண்டு எனக்குப் பயமாக் கிடக்கு. ஒருத்தர் நல்ல விலைக்குக் கேக்கிறார். குடுத்திட்டால் பிள்ளைக்கும் மறந்துபோகும். ஆனா அவர் வந்து காரைக் கேட்டால் நான் என்ன சொல்லுறது?"

சகோதரிகளே, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீடுகளில் ஒரு சேட்டும் ஒரு சோடிச் செருப்பும் கூட இலேசில் அகற்றப்படுவதில்லை. அதைக் கொடுத்தால் ஆளையே கைவிட்டதாக மனம் சொல்லும். அந்தத் தாயின் தயக்கம் எனக்கு விளங்கியது. ஆனால் மகளின் மனதில் இருப்பதும் அதுதானா என்று அறியவேண்டி இருந்தது.

மாமரத்தடிக்குப் போனேன். பொனற் திறந்திருந்தது. பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றில் எஞ்சினைப் பகுதி பகுதியாக வரைந்து பெயர் எழுதி வைத்திருந்தாள். "மிஸ், இதில நாலு பிளக். மூண்டு கழண்டிட்டுது. ஒண்டு இறுகிப்போச்சு. மண்ணெண்ணெய் விட்டு ஊறவிடச் சொல்லி மாமா சொன்னவர்" என்றாள். அப்பாவைப் பற்றி மெதுவாகக் கேட்டேன். "அப்பாவை எனக்குத் தெரியாது மிஸ். அம்மா சொல்லித்தான் தெரியும். இந்தக் கார் நானே பாத்துத் தெரிஞ்சது" என்றாள். பிறகு பொனற்றின் நடுவால் ஓடும் மேடான பட்டியைத் தடவிக்காட்டி, அது ஏன் அப்படி இருக்கின்றது என்று கேட்டாள்.

காத்திருக்கும் பிள்ளை கேட்கும் கேள்வியல்ல அது. அவளுக்கு எஞ்சின் மீது உண்மையான விருப்பம் இருந்தது. அந்தப் பட்டிக்கு ஒரு கதை இருக்கின்றது. தாயையும் கூப்பிட்டு இருவருக்குமாகச் சொன்னேன்.

மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1906இல் சிமிர்னா என்ற துறைமுக நகரில் பிறந்தவர். அது இன்று துருக்கியின் இஸ்மிர் நகரம். அவருடைய தகப்பனார் அங்கே இயந்திரத் தொழிற்சாலை வைத்திருந்தார். மகன் அந்தச் சத்தத்துக்குள் வளர்ந்தார். 1922இல் யுத்தம் நகரத்துக்குள் வந்தது. நகரம் எரிந்தது. பிரித்தானியக் கப்பலில் ஏறி மால்ட்டாத் தீவுக்கு அகதிகளாகப் போனார்கள். தகப்பனார் விரைவிலேயே இறந்துபோனார். சொத்தெல்லாம் இழந்த தாய், பதின்ம வயது மகனோடு இங்கிலாந்தில் புதிதாக வாழ்க்கையைத் தொடங்கினார். மகனுக்கு இயந்திரத்தில்தான் விருப்பம். லண்டனில் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தபோது கணித பாடத்தில் மூன்று முறை சித்தியடையவில்லை. ஆனாலும் அவரை யாரும் இயந்திரத்திலிருந்து பிரிக்கவில்லை.

அவர் வடிவமைத்த மொறிஸ் மைனர் 1948இல் வெளிவந்தது. மாதிரிக் கார் ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குப் பட்டது. அதை நெடுக்கு வாக்கில் இரண்டாக அறுத்து, சரியாகத் தோன்றும் வரை விலக்கி வைத்துப் பார்த்தார். நான்கு அங்குலம் கூடியது. பொனற்றுக்குச் செய்து வைத்திருந்த அச்சு போதாமல் போகவே நடுவில் ஒரு பட்டி வைக்கப்பட்டது. பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட கார்கள் அந்தப் பட்டியோடு உலகெங்கும் ஓடின. யுத்தத்தால் துரத்தப்பட்ட ஒரு பிள்ளையின் கைவேலைதான் எங்கள் மாமரத்தின் கீழும் நிற்கின்றது.

தாய் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அது ஆம்பிளைப் பிள்ளை தங்கச்சி. பொம்பிளைப் பிள்ளைக்குக் கராச்சில என்ன வேலை? சனம் என்ன சொல்லும்?" என்றார்.

நியாயமான பயம்தான். ஆண் துணை இல்லாத வீட்டுப் பிள்ளையின் மேல் ஊர்க்கண் எப்போதும் இருக்கும். ஆனால் காரின் சரித்திரத்திலேயே ஒரு பெண் இருக்கின்றார் என்பதையும் அவருக்குச் சொன்னேன். ஜேர்மனியில் கார்ல் பென்ஸ் தனது மோட்டார் வண்டியைச் செய்து முடிக்கத் துணைநின்றது, திருமணத்துக்கு முன்னரே தொழிலில் போடப்பட்ட மனைவி பெர்த்தாவின் சீதனப் பணம். வண்டியை வாங்க ஆளில்லாமல் இருந்தபோது, 1888 ஓகஸ்ட் மாதத்தில், கணவருக்கும் சொல்லாமல் இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து போர்ஸ்ஹைம் நகருக்கு அவரே அதை ஓட்டிச் சென்றார். நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். வழியில் எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். எரிபொருள் முடிந்தபோது மருந்துக்கடையில் வாங்கி ஊற்றினார். பிரேக் தேய்ந்தபோது சப்பாத்து தைப்பவரிடம் தோல் அடிப்பித்தார். எங்கள் மெக்கானிக்மார் மண்ணெண்ணெய்க் காலத்தில் செய்த வேலையை அன்று ஒரு தாய் ஜேர்மனிய வீதியில் செய்தார்.

பல தடவை கதைத்த பின்னர் அந்த வீட்டில் எடுக்கப்பட்ட முடிவு இது. கார் இப்போதைக்கு விற்கப்படவில்லை. அது கணவரின் பெயரில் பதிவாகி இருக்கின்றது. இப்படியான நிலையில் உள்ளவர்கள், வாங்க வருபவர் நீட்டும் எந்தத் தாளிலும் கையெழுத்து வைக்க முன்னர் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்தில் ஆலோசனை கேளுங்கள். மகள் சனிக்கிழமைகளில் தாய்மாமனின் கராச்சுக்குப் போகின்றாள். முதல் நாள் தாயும் கூடப் போய் மாலை வரை வாங்கில் இருந்தார். இரண்டாம் கிழமை மத்தியானச் சாப்பாட்டோடு மட்டும் போனார். இறுகிய பிளக்கும் கழன்றுவிட்டது. எஞ்சின் இன்னும் இயங்கவில்லை, இயங்காமலும் போகலாம். ஒருநாள் பணத்தேவை வந்து காரை விற்க நேர்ந்தாலும் பரவாயில்லை. அவள் படித்துக்கொண்டது அவளிடம் இருக்கும்.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு பிள்ளை இருக்கக்கூடும். வாகனத்தைக் கழற்றிப் பார்க்கின்றது என்று ஏச முன்னர், அதைத் திரும்பப் பூட்டச் சொல்லிப் பாருங்கள். நம்பிக்கையான ஒருவரின் மேற்பார்வையில் சிறு வேலை கொடுங்கள். ஜக்கில் ஏற்றிய வாகனத்தின் கீழ் படுப்பதையும், சின்னப் பிள்ளைகள் பழைய காருக்குள் கதவைப் பூட்டி விளையாடுவதையும் மட்டும் கண்டிப்பாகத் தடுங்கள். உயர்தரத்தில் 2013ஆம் ஆண்டு முதல் தொழில்நுட்பப் பிரிவு இருக்கின்றது. அதில் பொறியியல் தொழில்நுட்பத்தைப் பெண் பிள்ளைகளும் படிக்கலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திலும், தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களிலும் வாகனத் தொழில்நுட்பப் பயிற்சிகள் பற்றி விசாரியுங்கள். சான்றிதழ் கையில் இருந்தால் சனத்தின் கதையும் மெல்ல மாறும்.

கார் பிடித்த எல்லாப் பிள்ளையும் மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. சாரதியாகலாம், பொறியியலாளராகலாம், வாழ்நாள் முழுவதும் வீதியில் போகும் பழைய காரை நின்று பார்த்துச் சந்தோசப்படும் ஒருவராகவும் இருக்கலாம். யுத்தம் எங்கள் பிள்ளைகளிடமிருந்து நிறைய எடுத்துவிட்டது. தாமாகத் தேடிக்கொண்ட ஒரு விருப்பத்தையும் நாங்கள் எடுத்துவிட வேண்டாம். அடுத்த முறை திருவிழாக் கடையில் மகள் காரைக் காட்டினால், அதையே வாங்கிக் கொடுங்கள்.

மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.