இறங்கும்போது காது ஏன் வலிக்கிறது என்று பெரியம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை

வந்தாறுமூலைக்குப் போனால் பல்கலைக்கழக வளாகத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் பெரியம்மா வீட்டுக்குப் போவது என் வழக்கம். கலைப்பட்டத்துக்காக நான் நடந்து தேய்த்த வழிகள் அவை. சென்ற மாதம் போனபோது அந்தச் சுற்றைத் தவிர்த்துவிட்டு நேரே வீட்டுக்குப் போனேன். ரொறன்ரோவிலிருக்கும் பெரியம்மாவின் மகள் தொலைபேசியில் ஒரு பொறுப்பை என் தலையில் ஏற்றியிருந்தாள். "அண்ணா, நீங்க சொன்னா அம்மா கேப்பா. எப்பிடியாவது வரச் சொல்லுங்க."

அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறக்கப் போகிறது. விசா இருக்கிறது. ரிக்கற் எடுத்துத் தர மருமகன் ஆயத்தம். பெரியம்மாதான் மாட்டேன் என்கிறார். முழங்கால் வலியோ கனடாக் குளிரோ காரணம் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். கேட்டபோது அவர் சொன்ன காரணம் வேறு.

"அந்தப் பிளேனுக்குள்ள என்ட காது வெடிச்சுப் போச்சு மனே. இன்னொருக்கா ஏறினா முழுச் செவிடாப் போயிருவன்."

முதற் பயணத்தில் நடந்தது இதுதான். வந்தாறுமூலையிலிருந்து கட்டுநாயக்கவுக்கு இரவு முழுவதும் குளிரூட்டிய வானில் போயிருக்கிறார். ஏழெட்டு மணி நேரம். விமான நிலையத்தில் இறங்கும்போதே மூக்கு ஒழுகத் தொடங்கிவிட்டது. இரண்டாவது விமானத்தில் களைத்துப்போய் நன்றாக உறங்கியிருக்கிறார். விழித்தபோது யாரோ ஈர்க்குச்சியால் காதுக்குள் குத்துவதுபோல வலி. பக்கத்தில் இருந்தவர் வெள்ளைக்காரர்; யாரிடம் என்னவென்று சொல்வது? சேலைத் தலைப்பால் காதைப் பொத்திக்கொண்டு, பாரிசவாதம் வருகிறதென்று நினைத்துப் பிள்ளையாரைக் கும்பிட்டபடி தரையிறங்கியிருக்கிறார். அதன்பின் நான்கு வாரங்களுக்கு எல்லாச் சத்தமும் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல இருந்ததாம். அவர் அங்கே தங்கியதே ஆறு வாரம். அந்த நாட்களில்தான் பேரன் முதன்முதலாக "அம்மம்மா" என்று கூப்பிட்டிருக்கிறான். மகள் சொல்லித்தான் பெரியம்மாவுக்குத் தெரியும்.

நான் முப்பது ஆண்டுகளாகச் செய்தித்தாளில் இருப்பவன். விமானம் விழுந்தால் எட்டுக் கலத் தலைப்புப் போட எனக்குத் தெரியும். விமானம் ஒழுங்காக இறங்கும்போது உள்ளே இருப்பவர்களின் காது ஏன் வலிக்கிறது என்று ஒரு பத்திகூட நான் எழுதியதில்லை, எழுதச் சொன்னதுமில்லை. மட்டக்களப்பு மாவட்டத்தின் கிராமங்களிலிருந்து மத்திய கிழக்குக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள், பிள்ளைகளைப் பார்க்க மேற்கு நாடுகளுக்குப் போகும் முதியவர்கள் என்று எத்தனையோ பேர் வாழ்க்கையில் முதன்முறையாக விமானம் ஏறுகிறார்கள். மிளகாய்த்தூளை எந்தப் பெட்டியில் வைப்பது, கடவுச்சீட்டை எங்கே மறைப்பது என்று ஆளுக்காள் ஆலோசனை சொல்கிறோம். காதைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை.

பெரியம்மாவை வளவுக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சிறு வயதில் நாங்கள் அந்தக் கிணற்றில் குதித்து அடிமண்ணை அள்ளிக்கொண்டு வருவோம். ஓர் ஆள் உயரத்துக்குக் கீழே போனதும் காது இரண்டும் அமுங்கி வலிக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் 'டப்' என்று விடும். இதை எங்களுக்கு எந்த ஆசிரியரும் கற்பிக்கவில்லை. மூத்த பையன்கள் செய்வதைப் பார்த்துப் பழகினோம். "அதே சங்கதிதான் பெரியம்மா" என்றேன்.

விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்று அந்த உயரத்துக் காற்று அன்று. இயந்திரங்கள் காற்றை அமுக்கி உள்ளே செலுத்துகின்றன. ஆனாலும் தரையில் உள்ள அளவுக்கு அமுக்குவதில்லை. ஏறத்தாழ 6,000 முதல் 8,000 அடி வரையான மலையொன்றில் இருக்கும் அழுத்தமே உள்ளே நிலவுகிறது. நம் நாட்டுக் கணக்கில் சொன்னால், போயிங் 787 போன்ற புதிய விமானங்களில் நாம் நுவரெலியாவில் உட்கார்ந்திருக்கிறோம். பழைய வகைகளில் பீதுருதாலகாலையின் உச்சியை அண்டி உட்கார்ந்திருக்கிறோம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட நான்கில் ஒரு பங்கு குறைவு. நுவரெலியாவிலிருந்து பஸ்ஸில் இறங்கிக் கடற்கரைக்கு வர அரை நாள் செல்லும். விமானம் அந்த இறக்கத்தை அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறது. அந்த அழுத்த வேறுபாட்டைத் தண்ணீரில் கணக்கிட்டால் ஏறத்தாழ இரண்டரை மீற்றர் ஆழம் வரும். அவ்வளவுதான். எங்கள் கிணற்றின் அடியைத் தொட்டுவிட்டு வரும் தூரம்.

செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவி என்ற சிறிய காற்றறை இருக்கிறது. அதிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய வைத்தியர் ஒருவரின் பெயரால் அதை ஊத்தேக்கியாவின் குழாய் என்பார்கள். அது எப்போதும் மூடியே கிடக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் கணநேரம் திறக்கும். விமானம் ஏறும்போது நடுச்செவியில் மிஞ்சும் காற்று அந்தக் குழாயைத் தானே தள்ளிக்கொண்டு வெளியேறிவிடுகிறது. ஆகவே ஏறும்போது பெரும்பாலோருக்கு உபத்திரவம் குறைவு. இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே போக வேண்டும். அப்போது குழாய் தானாகத் திறக்காது, நாம்தான் திறக்க வேண்டும். உறங்குகிறவர் அடிக்கடி விழுங்குவதில்லை. தடிமன் பிடித்தவருக்குக் குழாயின் வாய் வீங்கி அடைத்திருக்கும். பெரியம்மாவுக்கு இரண்டும் சேர்ந்துகொண்டன. செவிப்பறை உள்ளே இழுபட்டு விண்ணென்று வலித்திருக்கிறது. பாரிசவாதமுமில்லை, வெடிப்புமில்லை.

இந்த வலி விமானத்தைவிடப் பழையது. 1783 டிசம்பர் 1ஆம் திகதி பாரிஸில் ஐதரசன் பலூனில் ஏறிய ஜாக் சார்ள்ஸ் என்ற விஞ்ஞானி, அன்றே இரண்டாம் முறை தனியாக ஏறியபோது பலூன் மிக உயரத்துக்குப் போய்விட, காதில் கடும் வலி கண்டு கீழே இறங்கினார். அதன்பின் அவர் பறக்கவே இல்லை. இந்தக் கதையைச் சொன்னதும் பெரியம்மா, "பாத்தியா, படிச்ச மனிசனே ஏறல்ல" என்று மடக்கிவிட்டார். உதாரணம் தேடுவதில் பத்திரிகைக்காரனுக்கு வரும் சறுக்கல்.

மூக்கைப் பிடித்து ஊதும் உபாயத்தை 1704இல் நூலில் எழுதி வைத்தவர் வல்சால்வா என்ற இத்தாலிய வைத்தியர். விமானம் பிறப்பதற்கு ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்கு முன்பு, காதில் சீழ் வடிந்தோருக்காக அவர் சொன்ன முறை அது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் கப்பலைப் பார்க்க மட்டக்களப்புக் கடலில் ஐம்பது மீற்றருக்கும் கீழே இறங்குகிறார்களே, அந்தச் சுழியோடிகளுக்கும் இது அடிப்படைப் பாடம். வலி வரும்வரை அவர்கள் காத்திருப்பதில்லை. இறங்கத் தொடங்கியதிலிருந்தே கொஞ்சங் கொஞ்சமாகச் சரிசெய்துகொண்டு போவார்கள். விமானத்திலும் அதுவே முறை. வேறுபாடு அதிகமான பிறகு குழாய் இறுகிப் பூட்டிக்கொண்டுவிடும்; எவ்வளவு விழுங்கினாலும் திறவாது. பலங்கொண்ட மட்டும் ஊதினால் உட்செவிக்கே கேடு. மூக்கைப் பிடித்துக்கொண்டு எச்சிலை விழுங்குவது இன்னும் மென்மையான வழி.

கொஞ்சம் தண்ணீர், புளிப்பு டொபி, கற்கண்டு எதுவும் உதவும். "வெத்திலை போட்டா?" என்று பெரியம்மா கேட்டார். மெல்லுவதற்கு அதைவிடச் சிறந்தது இல்லைதான், துப்ப இடம் வேண்டுமே. கைக்குழந்தைகளின் குழாய் குறுகலானது. விமானம் இறங்கும்போது பால் கொடுத்தால் போதும், டொபி கொடுக்கக்கூடாது, தொண்டையில் சிக்கும். விமானத்தில் குழந்தை வீரிட்டு அழும்போது தாயை முறைத்துப் பார்க்கும் கனவான்கள் இதை அறிந்திருந்தால் நல்லது.

தடிமனோடு பறக்க நேர்ந்தால் மூக்கடைப்புக்கான தெளிமருந்தை இறக்கம் தொடங்குவதற்கு அரை மணி முன்பாவது இட்டுக்கொள்ளலாம். பெரியம்மாவைப் போல இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் இடக்கூடாது. கடும் தடிமன், காது நோவு என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுவதே புத்தி. திகதி மாற்றக் காசு கேட்கிறார்களே என்பார்கள். உண்மைதான், ஆனால் நான்கு வாரக் கேள்விக்கு என்ன விலை?

ஒன்றை மட்டும் கடிந்து சொல்ல வேண்டியிருக்கிறது. ரொறன்ரோவில் மகள் நல்லெண்ணெயில் உள்ளியைக் காய்ச்சிக் காதில் விட்டிருக்கிறாள். ஊர்ப் பழக்கம், அன்பினால் செய்தது. அடைப்பு இருப்பது செவிப்பறைக்குப் பின்னால். முன்னால் ஊற்றும் எண்ணெய் அங்கே போகாது. செவிப்பறையில் துளை விழுந்திருந்தாலோ எண்ணெய் உள்ளே போய்ப் புண்ணாக்கிவிடும். பெரியம்மாவுக்குத் துளை விழவில்லை, வைத்தியர் பார்த்துச் சொல்லியிருக்கிறார். இறங்கிச் சில நாட்களாகியும் கேட்காவிட்டால், இரத்தமோ நீரோ வடிந்தால், தலை சுற்றினால் எண்ணெய்ப் போத்தலைத் தேடாமல் வைத்தியரிடம் போக வேண்டும்.

விமானக் கம்பனிகளிடம் நான் எதிர்பார்ப்பது மிகச் சிறியது. இறங்கப் போகிறோம், வார்ப்பட்டியைக் கட்டுங்கள், இருக்கையை நிமிர்த்துங்கள் என்று அறிவிக்கிறார்கள். அதோடு 'உறங்குகிறவர்களை எழுப்புங்கள், அடிக்கடி விழுங்குங்கள், குழந்தைக்குப் பால் கொடுங்கள்' என்று மூன்று வசனம் சேர்த்தால் பத்து விநாடி செல்லுமா? எங்கள் முதியவர்களும் பெண்களும் நிறையப் பறக்கும் தடங்களில் அதைத் தமிழிலும் சொல்லலாம். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்குப் பயிற்சி நடத்துகிறவர்களும் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்கலாம்.

அதுவரை? பெரியம்மா நேராக விடயத்துக்கு வந்தார்.

"எல்லாம் சரி மனே. இறங்கப் போறானுகள் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்? அவனுகள் இங்கிலீசில தானே சொல்லுறானுகள்."

என் சட்டைப்பையிலிருந்த குறிப்புப் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து, இந்த அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, விமானம் இறங்கத் தொடங்குமுன் தயவுசெய்து எழுப்பிவிடுங்கள் என்று பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். ஏறியவுடன் பணிப்பெண்ணிடம் காட்டச் சொன்னேன். பெரியம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போவதாக வாய் திறந்து சொல்லவில்லை. மடித்து வெற்றிலைப் பைக்குள் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ரெண்டு பிளேன் மாறோணும் மனே. இன்னொண்டு எழுது."