மீன்களுக்கும் உண்டு வருகைப் பதிவேடு!



காலையில் வகுப்புக்கு வந்ததும் ஆசிரியர் முதலில் என்ன செய்கிறார்? வருகைப் பதிவேட்டைத் திறக்கிறார். பெயரைக் கூப்பிட்டதும் "உள்ளேன் ஐயா" என்று குரல் கொடுக்கிறீர்கள். தினமும் இதே வேலைதானா என்று சலிப்பாகக்கூட இருக்கும். ஆனால் ஒரு மாணவன் தொடர்ந்து பத்து நாள் வரவில்லை என்றால், அவன் வீட்டில் என்னமோ நடந்திருக்கிறது என்று முதலில் சொல்வது அந்தப் பதிவேடுதான், இல்லையா?

அதேபோல மீன்களுக்கு வருகைப் பதிவேடு எடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் உள்ள எல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. 1872-ல் தொடங்கப்பட்டது, உலகின் முதல் தேசியப் பூங்கா இதுதான். அங்கே மலைமேல், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,350 மீட்டர் உயரத்தில், பெரிய ஏரி ஒன்று இருக்கிறது. அதன் பெயரும் எல்லோஸ்டோன்தான். நம் ஊட்டியைவிட உயரமான இடம்! குளிர்காலத்தில் ஏரி முழுவதும் பனிக்கட்டியாக உறைந்துவிடும்.

இந்த ஏரியின் சொந்த மீன் 'கட்த்ரோட் டிரவுட்'. தாடைக்குக் கீழே சிவப்பாக ஒரு கோடு இருக்கும். கழுத்தை அறுத்ததுபோலத் தெரிவதால் இப்படி ஒரு பயங்கரமான பெயர். மற்றபடி சாதுவான மீன்தான். மே மாதம் பனி உருகத் தொடங்கியதும் இந்த மீன்கள் ஏரியை விட்டுக் கிளம்பி, ஏரியில் வந்து சேரும் சின்னச் சின்ன ஓடைகளுக்குள் எதிர்நீச்சல் போட்டு ஏறும். அப்படி நூற்றுக்கும் மேற்பட்ட ஓடைகள் அங்கே உண்டு. ஆனால் ஏறத்தாழப் பாதி ஓடைகளில்தான் மீன்கள் முட்டையிடும். பெரும்பாலும் தான் பிறந்த ஓடையைத் தேடித்தான் ஒவ்வொரு மீனும் போகும்.

எல்லா ஓடைக்கும் போனால் என்ன? போகாது. ஏனென்றால் முட்டையிட இடம் சரியாக இருக்க வேண்டும். தாய் மீன் ஒருக்களித்துப் படுத்து, வாலால் தரையை அடித்து அடித்து, கூழாங்கற்களுக்கு நடுவே குழி பறிக்கும். அதில் முட்டையிட்டு, மேலே மறுபடியும் கற்களைத் தள்ளி மூடும். ஒரு தாய் ஆயிரத்துக்கும் அதிகமான முட்டைகள் இடும். கற்களுக்கு இடையே உள்ள சந்துகளில் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜன்தான் முட்டைக்கு மூச்சு. மேலே இருந்து மண் சரிந்து, வண்டல் வந்து படிந்தால் சந்துகள் அடைபட்டு முட்டைகள் மூச்சுத் திணறிச் செத்துவிடும். சுமார் ஒரு மாதத்தில் குஞ்சு பொரிக்கும். பிறகு குஞ்சுகள் ஓடையோடு இறங்கி ஏரிக்கு வர வேண்டும். மழை, பனி குறைந்த வருடங்களில் ஓடையின் வாயில் மணல் மேடு விழுந்து, ஓடைக்கும் ஏரிக்கும் தொடர்பே அறுந்துபோவதுண்டு. வீட்டு வாசலை யாரோ பூட்டிவிட்டதுபோல, குஞ்சுகள் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

ஆகவே அங்கே மீனை மட்டும் கவனித்தால் போதாது. ஓடையில் தண்ணீர் எவ்வளவு, வாய் திறந்திருக்கிறதா, கற்கள் சுத்தமாக இருக்கின்றனவா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சரி, மீனை எப்படி எண்ணுவது? ஏரியில் எண்ண முடியாது. 350 சதுர கிலோமீட்டர் பரப்பு, நூறு மீட்டருக்கும் அதிகமான ஆழம். அதில் எந்த மீன் எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்! ஆனால் முட்டையிட வரும்போது அந்த மீன்களே முழங்கால் அளவுத் தண்ணீருக்கு வந்து நம் முன்னால் நிற்கின்றன. திருவிழாக் கூட்டத்தில் ஆட்களை எண்ணுவது கஷ்டம். வாசலில் நின்று எண்ணுவது சுலபம். அதே தந்திரம்தான். ஏரியின் கிழக்கே உள்ள கிளியர் கிரீக் என்ற ஓடையில் குறுக்கே தடுப்பு வைத்து, வழியை ஒடுக்கி, ஏறிப்போன மீன்களைப் பல ஆண்டுகள் எண்ணினார்கள். ஏரியின் மேற்குப் பக்கத்தில் உள்ள சிறிய ஓடைகளில் 1989 முதல் வேறு முறை. பூங்காப் பணியாளர்கள் வசந்த காலத்தில் வாரம் ஒரு முறை ஓடையோரமாகவே நடந்து, கண்ணால் பார்த்து எண்ணுவார்கள். கூடவே கரடியின் காலடித் தடம், கரடிச் சாணம், பாதி தின்று போட்ட மீன் ஆகியவற்றையும் குறித்துக்கொள்வார்கள். கரடி எதற்கு என்கிறீர்களா? கிரிஸ்லி கரடிக்கு இந்த ஓடைகள்தான் சாப்பாட்டுக் கூடம்! குளிர்காலத் தூக்கம் முடிந்து பசியோடு திரியும் கரடி, ஆழமில்லாத தண்ணீரில் நெளியும் மீனை விடுமா? மீன் எண்ணப் போகிறவர் ஒரு கண்ணைத் தண்ணீரிலும் ஒரு கண்ணைப் புதரிலும் வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

இப்போது பதிவேடு என்ன சொன்னது என்று பார்ப்போம்.

முன்பெல்லாம் அந்த ஏரியில் மனிதர்கள் அளவுக்கு மீறி மீன் பிடித்தார்கள். ஏரியிலிருந்து ஆறு புறப்படும் இடத்தில் ஒரு பாலம் உண்டு. அதன் பெயரே 'மீன்பிடிப் பாலம்'. தோளோடு தோள் உரச நின்று தூண்டில் போடுவார்களாம். 1973-ல் அந்தப் பாலத்தில் மீன் பிடிப்பதைத் தடை செய்தார்கள். பிடிக்கும் மீன்களுக்கும் கட்டுப்பாடு வந்தது. பலன்? 1978-ல் கிளியர் கிரீக் ஓடையில் ஏறிய மீன்கள் 70,000-க்கும் மேல்! கட்டுப்பாடு பலன் தந்தது என்று அடித்துச் சொன்னது அந்த எண்ணிக்கை.

அடுத்த எண்ணைக் கேளுங்கள். 2007-ல் அதே ஓடையில் ஏறிய மீன்கள் சுமார் 500. ஆமாம், ஐந்நூறுதான். முப்பது வருடத்துக்குள், நூறு மீன் இருந்த இடத்தில் ஒரு மீன்கூட இல்லை என்கிற கணக்கு.

என்ன ஆயிற்று? வறட்சி ஒரு காரணம். மீன் குஞ்சுகளைச் சுற்றிச் சுற்றி நீந்த வைத்துக் கொல்லும் ஒரு நோய் 1998-ல் கண்டுபிடிக்கப்பட்டது; அது இன்னொரு காரணம். ஆனால் பெரிய காரணம், 1994-ல் ஒருவர் தூண்டிலில் சிக்கிய ஒரு மீன். அது 'லேக் டிரவுட்'. அந்த ஏரியில் இருக்கவே கூடாத மீன். நன்கு வளர்ந்த ஒரு லேக் டிரவுட் வருடத்துக்குச் சுமார் 41 கட்த்ரோட் மீன்களை விழுங்கும் என்று விஞ்ஞானிகள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

அது எப்படி வந்தது என்பது துப்பறியும் கதை மாதிரி இருக்கும். மீனின் தலைக்குள் சின்னக் காதுக்கல் ஒன்று உண்டு. மரத்தில் வளையம் விழுவதுபோல அதிலும் வருடா வருடம் வளையம் விழும். மீன் எந்தத் தண்ணீரில் வாழ்ந்ததோ அந்தத் தண்ணீரின் ரசாயன அடையாளம் அந்த வளையத்தில் பதிந்துவிடும். அதைச் சோதித்தபோது, சில மீன்கள் பக்கத்தில் உள்ள லூயிஸ் ஏரியில் பிறந்து, 1980-களில் இங்கே வந்தவை என்று தெரிந்தது. லூயிஸ் ஏரியின் தண்ணீர் போவது பசிபிக் கடலுக்கு. எல்லோஸ்டோன் ஏரியின் தண்ணீர் போவது அட்லாண்டிக் பக்கம். ஆகவே யாரோ மனிதர்கள்தான் கொண்டுவந்து விட்டிருக்க வேண்டும் என்று பெரும்பாலோர் கருதுகிறார்கள். லூயிஸ் ஏரியிலாவது அது சொந்த மீனா என்றால், இல்லை! 1890-ல் அரசாங்கமே கொண்டுவந்து விட்டதுதான். மீனே இல்லாத ஏரியில் மீன் விட்டால் நல்லதுதானே என்று அன்றைக்கு நினைத்தார்கள்.

மீனுக்குப் பதில் மீன் வந்துவிட்டதே, கரடிக்கு என்ன நஷ்டம் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. லேக் டிரவுட் ஓடைக்கு வருவதே இல்லை. ஆழத்தில் வாழும், ஏரிக்குள்ளேயே பாறை இடுக்குகளில் முட்டையிடும். கரடியால் அந்த ஆழத்துக்கு முக்குளிக்க முடியுமா? மீனுக்குப் பதில் எல்க் மானின் குட்டிகளை அதிகமாக வேட்டையாடத் தொடங்கியது கரடி. மேலிருந்து பாய்ந்து மீன் பிடிக்கும் விரால் அடிப்பான் பறவைகளும் குறைந்துபோயின. தண்ணீருக்குள் ஒரு மீன் குறைந்ததற்குக் காட்டில் மான்குட்டி விலை கொடுத்தது!

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். "மீனை எண்ணினால் மீன் கூடிவிடுமா? எண்ணுவதற்குச் செலவழிக்கும் பணத்தை வேறு உருப்படியான வேலைக்குக் கொடுக்கலாமே" என்று சொல்பவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. எண்ணுவது படத்தில் காட்டும்படியான வேலை இல்லை. திறப்பு விழா கிடையாது, ரிப்பன் வெட்ட முடியாது. பணம் குறைந்தால் முதலில் நிறுத்தப்படுவது இந்த மாதிரி வேலைதான். நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு வருடம் 500 மீன் வந்தது என்றால் அது நிறையவா, கொஞ்சமா? 70,000 என்ற பழைய எண் கையில் இல்லையென்றால் யாராலும் சொல்ல முடியாது. ஏரியைப் பார்த்தால் அன்றும் நீலம், இன்றும் நீலம். சுற்றுலாப் பயணிகள் புகைப்படம் எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போயிருப்பார்கள்.

அதுவும், மீன் நிறைய இருக்கும் நல்ல வருடங்களில் எண்ணுவதுதான் முக்கியம். காய்ச்சல் வந்த பிறகு தெர்மாமீட்டரைத் தேடுகிறோம். நம் உடம்பின் சாதாரண வெப்பம் எவ்வளவு என்று முன்பே எவரோ அளந்து வைத்திருப்பதால்தான் அதில் காட்டும் எண்ணுக்கு அர்த்தம் கிடைக்கிறது. ஒரே ஒரு வருடத்தை வைத்தும் முடிவு கட்டக்கூடாது. அந்த வருடம் வெறும் வறட்சியாகக்கூட இருக்கலாம். வருடா வருடம், அதே ஓடையில், அதே மாதத்தில் எண்ண வேண்டும்.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் பூங்கா அதிகாரிகள் பெரிய நடவடிக்கையில் இறங்கினார்கள். படகுகளில் போய்ச் செவுள் வலை விரித்து லேக் டிரவுட்களைப் பிடித்தார்கள். இதுவரை பிடித்தவை 40 லட்சத்துக்கும் அதிகம்! இதில் ஒரு சுவாரசியமான தந்திரம்: சில லேக் டிரவுட்களைக் கொல்லாமல், உடம்புக்குள் சிறிய கருவி ஒன்றைப் பொருத்தித் திரும்ப விட்டார்கள். அந்த மீன் போகிற இடமெல்லாம் கருவி சமிக்ஞை கொடுக்கும். முட்டையிடும் காலத்தில் அது தன் கூட்டத்தோடு போய்ச் சேர்ந்ததும் இடம் தெரிந்துவிடும். உளவாளி மீன்! அப்படிக் கண்டுபிடித்த முட்டைப் படுகைகள் மேல், பிடித்த மீன்களின் உடல்களையும், தாவரப் பொருளால் செய்த உருண்டைகளையும் கொட்டினார்கள். அவை அழுகும்போது ஆக்ஸிஜன் குறைந்து முட்டைகள் அழியும். ஓடையில் வண்டல் படிந்தால் கட்த்ரோட் முட்டைக்கு என்ன ஆகும் என்று படித்தோமே, அதே பாடத்தை எதிரியின்மேல் திருப்பிவிட்டார்கள்.

தூண்டில் போடுகிறவர்களுக்கும் இரண்டு விதி உண்டு. அந்த ஏரியில் கட்த்ரோட் சிக்கினால் உயிரோடு திரும்ப விட வேண்டும். லேக் டிரவுட் சிக்கினால் விடவே கூடாது, கொன்றுவிட வேண்டும்.

உங்களில் சிலருக்கு மனசு கஷ்டமாக இருக்கும். லேக் டிரவுட் என்ன பாவம் செய்தது? அதுவாக வண்டி ஏறி வந்ததா? இல்லைதான். இன்னொன்றும் சொல்கிறேன். அதன் சொந்த ஊர்களில் ஒன்றான அமெரிக்கப் பேரேரிகளில் இதே மீன் அழிவின் விளிம்புக்குப் போய்விட்டது. கடலிலிருந்து புகுந்த லாம்ப்ரே என்ற உறிஞ்சும் உயிரினமும், மனிதர்கள் அளவுக்கு மீறிப் பிடித்ததும் காரணம். அங்கே அதைக் காப்பாற்றப் பாடுபடுகிறார்கள். இங்கே லட்சக்கணக்கில் கொல்கிறார்கள். மீன் அதேதான், ஊர்தான் வேறு. நம் நீலகிரி ஓடைகளில் உள்ள டிரவுட்களும் வெள்ளைக்காரர்கள் நூறு வருடங்களுக்கு முன் கொண்டுவந்து விட்டவைதான். அவலாஞ்சியில் அதற்காகவே குஞ்சு பொரிப்பகம் வைத்தார்கள். அவை அங்கே விருந்தாளிகள்.

ஆகவே லேக் டிரவுட்டைத் திட்டுவதில் எனக்கு இஷ்டமில்லை. ஆனால் வலையை நிறுத்தச் சொல்லவும் மாட்டேன். சில வருடம் நிறுத்தினாலே அது மறுபடியும் பெருகிவிடும். அப்போது ஓடைக்கு மீன் வராது, கரடிக்கு உணவு கிடைக்காது. கொல்வது பிடிக்காத வேலை. ஆனாலும் இந்த ஓர் ஏரியில் அதைத் தொடர்ந்து செய்தாக வேண்டும் என்பதே என் எண்ணம். ஏரியில் இப்போது கட்த்ரோட் மீன்கள் ஓரளவு மீண்டு வருகின்றன. ஆனால் 1978-ல் இருந்த கூட்டம் இன்னும் திரும்பவில்லை. வலை வீசுவதற்கு வருடா வருடம் பல லட்சம் டாலர் ஆகிறது. ஓடையோரம் நடந்து எண்ணுவதற்கு ஆகும் செலவு அதன் பக்கத்தில் சிறு தொகை. அதைக் குறைக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் எதிர்க்கட்சி!

நீங்கள் எந்தக் கட்சி? ஒரு மீனைக் காப்பாற்ற இன்னொரு மீனைக் கொல்வது சரியில்லை என்று நினைத்தால், வேறு என்ன செய்யலாம் என்பதையும் சேர்த்து ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள்.