கெட்டவன் முகம் யாருடைய முகம்?

ஒரு நடிகரின் முகத்தைப் பார்த்ததுமே 'இவன்தான் கொலைகாரன்' என்று முடிவு கட்டும் பழக்கத்தைத் தமிழ் சினிமா நமக்குள் ஏற்றி வைத்திருக்கிறது. கறுத்த நிறம், ஒட்டிய கன்னம், கலைந்த தலைமுடி, உறுத்துப் பார்க்கும் கண்கள் இருந்தால் போதும், கையில் அரிவாளைக் கொடுத்துவிடலாம். அவன் ஏன் அப்படி ஆனான் என்று சொல்லும் பொறுப்புகூட இயக்குநருக்கு இல்லை. நடிகர் பசுபதியின் இருபதாண்டுத் திரைவாழ்க்கையைத் திரும்பிப் பார்க்கும்போது இந்தப் பழக்கம் எப்படி வேலை செய்கிறது என்பது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது.

ந.முத்துசாமியின் கூத்துப்பட்டறையில் பல ஆண்டுகள் உடலையும் குரலையும் பழக்கிவிட்டு வந்தவர் பசுபதி. அப்படிப்பட்ட ஒருவருக்கு வெகுசன சினிமா முதலில் கொடுத்தது என்ன? 2003இல் 'தூள்', 2004இல் 'விருமாண்டி', 2005இல் 'திருப்பாச்சி' என வரிசையாக வில்லன் வேடங்கள். 'திருப்பாச்சி'யில் அவர் பட்டாசு பாலு. அதே படத்தின் மற்ற ரவுடிகளுக்கு சனியன் சகடை, பான் பராக் ரவி என்று பெயர். பெயர் வைக்கும்போதே மனிதத் தன்மையைப் பறித்துவிட்டால், பிறகு அவர்களை வெட்டிச் சாய்க்கும்போது கைதட்டுவதற்கு யாருக்கும் கூச்சம் இருக்காது. ஊரிலிருந்து அரிவாளோடு வரும் நாயகன் செய்யும் கொலை வீரம். நகரத்து ரவுடி செய்யும் கொலை குற்றம். இதுதான் அந்தப் படங்களின் நீதி.

'விருமாண்டி'யைச் சற்றுத் தனியாகப் பார்க்க வேண்டும். 'சண்டியர்' என்று பெயர் வைக்கப்பட்டு, அது அரிவாள் கலாச்சாரத்தையும் சாதிப் பெருமிதத்தையும் தூக்கிப் பிடிக்கிறது என்று மருத்துவர் கிருஷ்ணசாமி எதிர்த்த பிறகு பெயர் மாறிய படம் அது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்றே கருதுகிறேன். ஆனால் படத்துக்குள் இன்னொரு பாடமும் இருக்கிறது. சிறைக்குள் நடக்கும் நேர்காணலில் நடந்த கதையை முதலில் சொல்பவர் கொத்தாளத் தேவராக நடித்த பசுபதி. அவர் சொல்லும்போது அவர் யோக்கியன், விருமாண்டி கொடியவன். பிறகு விருமாண்டி சொல்லும்போது எல்லாம் தலைகீழாகிறது. அதே முகம், அதே உடல். யார் வாயில் கதை இருக்கிறது என்பதைப் பொறுத்து ஆள் நல்லவனாகவோ கெட்டவனாகவோ மாறுகிறான். நூற்றாண்டுகளாகக் கதை சொல்லும் உரிமை யாரிடம் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

1871இல் வெள்ளையர்கள் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் பிறப்பையே குற்றமாக்கியது. குழந்தை பிறந்த உடனேயே அது நாளைய திருடன் என்று எழுதி வைத்துக்கொண்டது. 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் அந்தச் சட்டத்தை எதிர்த்த மக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது. அதன் பார்வை ஒழியவில்லை. ஒரு தெருவின் பெயரைச் சொன்னாலே சந்தேகப் பட்டியலில் சேர்க்கும் காவல் நிலையங்களுக்கும், ஒரு முகத்தைப் பார்த்ததும் ரவுடி வேடம் கொடுக்கும் படப்பிடிப்புத் தளங்களுக்கும் இடையே அதிக தூரமில்லை. 2012இல் வந்த 'அரவா'னில் களவையே தொழிலாகக் கொண்ட கொம்பூதியாக பசுபதி நடித்தார். அங்கே களவு செய்பவனுக்கும் ஊர் உண்டு, உறவு உண்டு, அறம் உண்டு என்று காட்ட முடிந்தது.

'நடிகனுக்கு எல்லா வேடமும் ஒன்றுதானே, இதில் சாதி எங்கே வந்தது?' என்று சிலர் கேட்பார்கள். எல்லா வேடமும் ஒன்றென்றால் எல்லா வேடமும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் அல்லவா? 2006இல் 'வெயில்' முருகேசனாக வாழ்ந்து காட்டினார். அப்பனிடம் அடிபட்டு ஓடிப்போய், தோற்றுத் திரும்பி வரும் அந்த மனிதனுக்காகத் தமிழ்நாடே அழுதது. 2008இல் 'குசேல'னில் ஏழை முடிதிருத்துநர் பாலகிருஷ்ணன். கதை முழுக்க அவனுடையது. விளம்பரமும் கொண்டாட்டமும் உச்ச நட்சத்திரத்துக்கு. நிரூபித்த பிறகும் அவரைச் சுற்றியிருந்த வேலி அப்படியேதான் இருந்தது.

அதை அசைத்தவர்கள் ஒடுக்கப்பட்டோரின் கதையைச் சொல்ல வந்த இயக்குநர்கள். 2019இல் 'அசுரன்', 2021இல் 'சார்பட்டா பரம்பரை'. நெருக்கடி நிலைக் காலத்து வடசென்னையில் குத்துச்சண்டை கற்றுத்தரும் ரங்கன் வாத்தியாரை மறக்க முடியுமா? எந்த முகத்தை ரவுடியின் முகம் என்றார்களோ அதே முகம் ஆசானின் முகமாயிற்று. ரவுடிகளின் கூடாரம் என்று சினிமா காலம்காலமாகக் காட்டிய வடசென்னையும் அறிவும் அரசியலும் ஒழுக்கமும் உள்ள ஊராயிற்று. கபிலன் மிதிக்கும் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வரும் அந்த வாத்தியாரை இளைஞர்கள் மீம்களில் கொண்டாடித் தீர்த்தார்கள். 2025இல் 'பைசன்' படத்தில், கபடி ஆடப் போகும் மகன் சாதிப் பகையில் சிக்கிவிடுவானோ என்று அஞ்சும் தகப்பனாக அவர் வந்தார். அந்த அச்சம் தென்மாவட்டங்களில் எத்தனையோ வீடுகளில் இருப்பது.

இங்கே மாறியது பசுபதியின் நடிப்பு அல்ல. கொத்தாளத் தேவரில் இருந்த அதே கண்கள்தாம் ரங்கனிலும் இருக்கின்றன. மாறியது கேமராவுக்குப் பின்னால் நிற்கும் ஆள். அதனால்தான் 'சினிமாவில் சாதி பேசாதீர்கள்' என்பவர்களை நாம் ஏற்க முடியாது. இரண்டு மூன்று இயக்குநர்கள் வந்ததற்கே இவ்வளவு மாறுகிறது என்றால், எழுத்து, படத்தொகுப்பு, தயாரிப்பு, திரைப்படக் கல்லூரி என எல்லா இடங்களிலும் ஒடுக்கப்பட்டோர் அமர்ந்தால் என்ன ஆகும்? அந்த இடங்களைக் கேட்டுப் பெறுவதும் நம் போராட்டத்தின் பகுதிதான். அடுத்த பசுபதி தன் முகத்துக்காக இருபது ஆண்டுகள் காத்திருக்கக் கூடாது.