மணக்காத நீரெல்லாம் மாசற்ற நீரா?

கண்ணுக்குத் தெளிவாகவும் மூக்கிற்கு மணமின்றியும் இருந்தால் நீர் தூய்மையாகிவிட்டது என்பார் நம்மிடையே பலர். மருத்துவமனைக் கழிவுநீரைப் பொறுத்தவரை இஃது அறியாமை மட்டுமன்று, ஆபத்தும் ஆகும்.

1914இல் மான்செஸ்டரில் ஆர்டனும் லாக்கெட்டும் கண்ட முறையே இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. காற்றூட்டிய தொட்டியில் நுண்ணுயிர்கள் கழிவை உண்டு நீரைத் தெளிவிக்கின்றன. குறைந்த செலவில் அவை ஆற்றும் தொண்டு பெரிது. ஆயினும், அவை உண்ண மறுக்கும் பொருள்களும் உள. வலிப்பு நோய்க்குத் தரும் கார்பமசெபின், ஊடுகதிர்ப் படத்திற்காக உடலிற் செலுத்தும் அயோடின் சேர்மங்கள் ஆகியவை பெரும்பாலும் வந்தவாறே வெளியேறுகின்றன. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் எச்சமோ, மருந்துக்கு அடங்காத கிருமிகள் தழைக்கத் துணைபோகிறது.

"விதிப்படிதானே வெளியேற்றுகிறோம்?" என்று வாதிடுவர். மலேசியாவின் 2009ஆம் ஆண்டுக் கழிவுநீர் விதிகளைப் புரட்டிப் பாருங்கள். குடிநீர் எடுக்குமிடத்திற்கு மேற்புறம் அமையும் புதிய நிலையங்களில், ஐந்து நாள் உயிர்வளித் தேவை லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்கின்றன. நன்று. ஆனால், அப்பட்டியலில் ஒரு மருந்தின் பெயரேனும் உண்டா? இல்லை. அளக்காததை இல்லாததாகக் கொள்வது அறிவியல் ஆகுமா? "ஆற்றில் கலந்தால் நீர்த்துப்போகும்" என்பதோ, முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் செயல்!

எல்லாவற்றையும் வேதிமுறைக்கே விட்டுவிடலாம் எனின், அதுவும் பிழையே. ஓசோனும், 1894இல் ஃபென்டன் விளக்கிய இரும்பு-ஹைட்ரஜன் பெராக்சைடுக் கலவையும் மருந்து மூலக்கூறுகளைச் சிதைக்க வல்லவை. எனினும், சோற்றுக் கஞ்சியிலும் சோப்பு நீரிலுமே அவற்றின் ஆற்றல் வீணாகும், செலவு பெருகும். சிதைந்த துண்டுகளுள் சில தாமே நச்சாதலும் கூடும். ஆதலின் முதலில் உயிரியல் முறை. அடுத்து வேதிமுறை உயிர்வளியேற்றம். இறுதியில் எஞ்சிய துண்டுகளை உண்ண, மணலிலோ கரியிலோ வாழும் நுண்ணுயிர்கள். ஒன்றன் குறையை மற்றொன்று நிறைப்பதே இதன் சிறப்பு. இது கனவன்று, டென்மார்க்கின் ஹெர்லேவ் மருத்துவமனை 2014இலேயே உயிரியல் தொட்டியையும் ஓசோனையும் கரியையும் ஒருங்கே பயன்படுத்தத் தொடங்கிற்று.

செலவை யார் ஏற்பது? நகரக் கழிவுநீரின் நுண்மாசு நீக்கும் கூடுதல் செலவில் குறைந்தது 80 விழுக்காட்டை மருந்து, ஒப்பனைப் பொருள் உற்பத்தியாளரே ஏற்க வேண்டுமென 2024இல் ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் இயற்றியது. விற்று ஈட்டுவோர் கழுவவும் கடமைப்பட்டோரே. நம் நாட்டிலும் இக்குரல் எழவேண்டாவா?

ஆசிரியப் பெருமக்களே! நீர்த் தூய்மைப் பாடத்தை வடிகட்டலோடும் குளோரினோடும் முடித்துவிடாதீர்கள். மாணவச் செல்வங்களே! "நீர் தூயது" என்று எவர் சொன்னாலும், "எதை அளந்தீர்கள்? எதை அளக்கவில்லை?" என்று அஞ்சாது கேளுங்கள்.