குடல் ஆபரேஷனுக்குப் பிறகு யாரும் கேட்காத கேள்வி: யூரின் முழுசா போகுதா?

குடல் ஆபரேஷன் முடிந்தவரிடம் ‘மோஷன் போச்சா, சாப்பிட முடியுதா?’ என்றுதான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். செஞ்சியில் இருக்கும் அப்பாவுக்கு மலக்குடல் புற்றுநோய் ஆபரேஷன் ஆகி, சென்னையிலிருந்து போனில் விசாரிப்பவரா நீங்கள்? இன்னொன்றையும் கேளுங்கள்: ‘யூரின் முழுசா போகுதாப்பா?’

சிறுநீர்ப்பையைச் சுருங்க வைக்கும் நரம்புகள் மலக்குடலை ஒட்டியே போகின்றன. கட்டியை எடுக்கும்போது அவை இழுபடலாம், சில சமயம் அறுபடலாம். கவனமாகச் செய்த ஆபரேஷனிலும் இது நடக்கும். இழுபட்ட நரம்பு சில வாரங்களிலோ மாதங்களிலோ தேறிவிடுவதும் உண்டு. அதுவரை பை நிறைந்தாலும் சிலருக்கு முட்டுகிற உணர்வே வராது.

‘அதெல்லாம் சொட்டுச் சொட்டா போய்க்கிட்டுதான் இருக்கு’ என்பார் அப்பா. அது பை நிறைந்து வழிவதாகவும் இருக்கலாம். பெரியவர்களின் சிறுநீர்ப்பை சாதாரணமாகக் கொள்வது 400-500 மி.லி. அதற்கு மேலும் தேங்கினால் தொற்று வரும், போகப்போகச் சிறுநீரகமும் கெடும். ‘வயசாச்சு, பிராஸ்டேட்டா இருக்கும்’ என்று நாமே முடிவு கட்டக் கூடாது. யூரின் போய்விட்டு வந்ததும் ஸ்கேன் பார்த்தால், உள்ளே எவ்வளவு மீதி நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

மீதி நிற்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கையைச் சுத்தமாகக் கழுவிவிட்டு, மெல்லிய குழாயைத் தானே நுழைத்து, யூரினை வடித்துவிட்டு எடுத்துவிடுவது. தினம் 4 முதல் 6 முறை. 1972இல் அமெரிக்க டாக்டர் ஜாக் லாபிடஸ் முன்வைத்த முறை இது. கேட்கும்போதே கூசும்தான். ஆனால், நாள் முழுக்க டியூப்பும் பையுமாக இருப்பதைவிடத் தொற்று அபாயம் குறைவு. பழகிவிட்டால் வேலைக்கே போகலாம்.

யார் பழக்குவது? செஞ்சிக்காரர்கள் பெரிய ஆபரேஷனுக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ புதுச்சேரி ஜிப்மருக்கோதான் போக வேண்டும். டிஸ்சார்ஜ் அவசரத்தில் ஐந்து நிமிடம் சொல்லிக்கொடுத்தால் கை பழகாது. 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. டயாலிசிஸ் பைகூட வருகிறது. அதே வழியில் கதீட்டரும், அதைப் போடக் கற்றுத்தர ஒரு நர்ஸும் வர வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொன்று, கழிப்பறை. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் கோட்டை இடம்பிடித்துவிட்டது, டூரிஸ்ட்டுகள் வருவார்கள். அவர்களுக்காகப் புதிதாகக் கழிப்பறை கட்டினால் உள்ளேயே கை கழுவக் குழாய், பை மாட்ட ஒரு கொக்கி, நல்ல வெளிச்சம் வையுங்கள். கதீட்டர் போடுபவருக்கு இந்த மூன்றும் இருந்தால் போதும்.

யூரின் தொல்லைக்குப் பயந்து அப்பா தண்ணீரைக் குறைத்துக்கொண்டால் விடாதீர்கள். எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். காய்ச்சல், அடிவயிறு உப்பி வலி, யூரின் அடைப்பு என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.