எட்டடி அறையும் ஒன்பது விருந்தாளிகளும்

மேல்மலையனூரில் வீடு வைத்திருப்பவர்களுக்கு, உறவினர் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கும் சிரமம் கிடையாது. அமாவாசைக்கு அமாவாசை அவர்களே வந்து அந்தக் கணக்கை ஒப்புவித்துவிடுவார்கள். இரவில் அங்காளம்மனுக்கு ஊஞ்சல் உற்சவம். அதற்கு முன்னே சற்று உட்காரவும், பின்னே விடியும்வரை தலைசாய்க்கவும் ஓர் இடம் வேண்டும். திண்டிவனத்திலிருந்து பெரியம்மா, வந்தவாசியிலிருந்து மாமா வீட்டார், மாமா வீட்டாருடன் அவர்களுடைய அண்டை வீட்டார்! வந்தாரை வரவேற்பது நம் குடும்பத்தின் பெருமை. அந்தப் பெருமை முழுவதையும் தாங்குவதற்கு நம்மிடம் இருப்பது பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு கூடம்.

சிறிய கூடத்தைப் பெரிதாகவும் நாகரிகமாகவும் தோன்றச் செய்வது எப்படி என்று இந்நாளில் யோசனை கூறாதவர் இல்லை. நாமும் பலரைக் கேட்டோம். கேட்டவர்களில் ஒருவராவது, "எதையும் வாங்காதீர்கள்" என்று சொல்லவில்லை. ஆகவே வாங்கினோம். மூவர் அமரும் ஸோபா ஒன்று, ஒருவர் அமரும் ஸோபா இரண்டு, நடுவே கண்ணாடி பதித்த டீப்பாய், எதிரே டெலிவிஷனுக்கு ஒரு மேடை, மூலையில் பொம்மைகளுக்கு ஓர் அலமாரி. பன்னிரண்டு மாதத் தவணை. சாமான்கள் வந்திறங்கிய அன்று தெருவே வந்து பார்த்தது. நமக்கும் உள்ளம் பூரித்தது வாஸ்தவம்.

அந்த மாதத்து அமாவாசைக்கு ஒன்பது பேர் வந்தார்கள். ஐந்து பேர் ஸோபாவில் அமர்ந்தார்கள். மற்றவர்கள் நிற்கவும் இடமின்றி வாசலுக்கும் உள்ளுக்குமாக அலைந்தார்கள். எழுபது வயதைக் கடந்த பெரியம்மா மெத்தையில் உட்கார்ந்து பார்த்தார், முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. தரையில் காலை நீட்டலாம் என்றால், நீட்டிய இடமெல்லாம் டீப்பாய். கடைசியில் சமையலறைக்குப் பின்புறத்துப் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். விடிவதற்கு முன்பே முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார். ஒரு குறையும் சொல்லவில்லை. அடுத்த அமாவாசைக்கு அவர் வரவில்லை.

அன்று இரவு நம் தாயார் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "ஏன் கண்ணு, இந்தக் கூடம் மனுசருக்குக் கட்டினதா, நாற்காலிக்குக் கட்டினதா?"

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட்டுக் காட்டுகிற நாம், அதற்குப் பின்தான் நம் வீட்டுக் கணக்கைப் போட்டோம். கூடத்தின் பரப்பு 120 சதுர அடி. பெரிய ஸோபா 20, சிறியவை இரண்டும் 18, டீப்பாய் 8, டெலிவிஷன் மேடை 7, அலமாரி 5. ஆக 58 சதுர அடி. ஏறக்குறையப் பாதிக் கூடம். ஒருவர் சம்மணமிட்டு உட்கார இரண்டரை அடிச் சதுரம், அதாவது ஆறேகால் சதுர அடி போதும். அந்த 58 சதுர அடியில் ஒன்பது பேர் தாராளமாக உட்கார்ந்திருக்கலாம். ஐவருக்கு ஆசனம் அளிப்பதற்காக ஒன்பது பேருடைய இடத்தைப் பறித்திருக்கிறோம். இதற்குப் பெயர் நாகரிகம். இதற்கு மாதாமாதம் தவணை வேறு!

இதைப் பற்றி நமக்கு ஒரு தெளிவு ஏற்பட்டது செஞ்சிக் கோட்டையில்தான். நம் ஊரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் செஞ்சி. 2025-ஆம் ஆண்டு ஜூலை மாதம், மராட்டியர் காலத்து ராணுவக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றுக்கொண்டபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம்பெற்றது நம் செஞ்சி ஒன்றே. அந்த மகிழ்ச்சியில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போயிருந்தோம். ராஜகிரியின் அடிவாரத்தில் கல்யாண மஹால் என்னும் கட்டடம் இருக்கிறது. சதுரமான முற்றம், அதைச் சுற்றிலும் தாழ்வாரம், நடுவே அடுக்கடுக்காக உயர்ந்து கூர்நுனிக் கூரையுடன் முடியும் கோபுரம். அதன் அடுக்கு ஒவ்வொன்றிலும் இருப்பது ஒரே ஓர் அறை; அதுவும் சுமார் எட்டடிச் சதுரம். இதைக் கேட்டதும் ஒரு பையன், "ஸார், எங்கள் வீட்டு ரூமைவிடச் சின்னது!" என்றான்.

அவன் சொன்னது மெய். அரண்மனைக்காரர்களுக்கு இடத்துக்குப் பஞ்சமா, கல்லுக்குப் பஞ்சமா? இருந்தும் எட்டடியே போதும் என்று கட்டினார்கள். ஆனால் அந்த எட்டடியை நாற்புறமும் அடைத்து, உள்ளே சாமான்களை நிரப்பிவிடவில்லை. அறையைச் சுற்றி வளைவு வளைவாகத் திறந்த தாழ்வாரம் வைத்தார்கள். முற்றத்தில் நின்று நிமிர்ந்து பார்த்தால், அந்த வளைவுகளின் ஊடே ஆகாயம் தெரிகிறது. உள்ளே இருந்தவர்களுக்கு அறையின் எல்லை சுவரோடு முடிந்திராது. எதிரே தெரியும் மலையும் அறையைச் சேர்ந்ததாகவே இருந்திருக்கும். இடம் என்பது அடிக்கோலால் அளக்கப்படுவது மட்டுமல்ல. கண் எவ்வளவு தூரம் தடையின்றிப் போகிறதோ அவ்வளவு தூரம் வீடு பெரியது. இதுவே நாம் அங்கே கற்ற பாடம்.

நம் பழைய வீடுகளும் இந்த ரகசியத்தை அறிந்தவையே. வாசற்படியில் நின்றால் ரேழி, கூடம், முற்றம் எல்லாம் கடந்து கொல்லைப்புறத்துத் துளசி மாடம் வரை பார்வை நேராக ஓடும். வீடு குறுகலாயினும் மூச்சு முட்டாது. ஆதலால் முதற் காரியமாக, வாசலிலிருந்து ஜன்னல் வரையிலோ கொல்லைக் கதவு வரையிலோ உள்ள நேர்வழியைக் காலிசெய்ய வேண்டும். அந்த வழியில் மூன்றடி அகலத்துக்கு ஒரு முக்காலி கூட நிற்கலாகாது. உயரமான பீரோவை வாசலுக்கு எதிரே நிறுத்தினால், நுழைகிறவர் கண் அங்கேயே முட்டிக்கொள்ளும். அதையே வாசலை ஒட்டிய சுவரோரம் நகர்த்திவிட்டால், உள்ளே வந்து திரும்பிப் பார்த்தாலன்றி அது தெரியாது. செலவு ஒன்றுமில்லை, இரண்டு ஆட்களின் தோள்வலி மாத்திரமே.

இரண்டாவது, வெளிச்சம். நல்ல வெள்ளைச் சுவர் தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பித் தந்துவிடும். இப்போது பலர் ஆசைப்பட்டுப் பூசும் கருநீலம், கருஞ்சிவப்பு முதலிய வர்ணங்கள் வெளிச்சத்தைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகின்றன. பெரிய மாளிகைக்கு அவை கம்பீரம் தரலாம். பத்தடிக் கூடத்தைக் குகையாக்கும். சுவருக்கும் மேல்தளத்துக்கும் ஒரே வெண்மை பூசினால், சுவர் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரியாது; கூடம் உயர்ந்து தோன்றும். திரைச் சீலையை ஜன்னல் சட்டத்தின்மேல் மாட்டாமல், மேல்தளத்தை ஒட்டி மாட்டித் தரைவரை தொங்கவிட்டாலும் இதே பலன். இரவில், நடுவே ஒரே குழல்விளக்கை எரியவிட்டு மூலைகளை இருளில் விடுவதைக் காட்டிலும், இரண்டு மூலைகளில் சிறு விளக்குகள் வைப்பது மேல். மூலை தெரிந்தால்தான் கூடத்தின் அளவு தெரியும். மேல்தளத்துக்குக் கீழே ஃபால்ஸ் ஸீலிங் என்று இன்னொரு தளம் தொங்கவிடும் மோகமும் நம் ஊர்வரை வந்துவிட்டது. இருக்கிற உயரத்தில் அரையடியைக் காசு கொடுத்துக் குறைத்துக்கொள்வதில் என்ன லாபமோ, நமக்கு விளங்கவில்லை.

மூன்றாவது, கண்ணாடி. லண்டன் நகரில் ஸர் ஜான் ஸோன் என்ற கட்டடக் கலைஞர் வாழ்ந்த வீடு ஒன்று உண்டு. இங்கிலாந்து பாங்கின் கட்டடத்தை அமைத்தவர் அவர். 1833-ல் பார்லிமெண்டுச் சட்டம் ஒன்றின்மூலம் அவ்வீட்டைத் தேசத்துக்கு விட்டுவிட்டார். இன்றும் அது பொருட்காட்சிசாலையாக விளங்குகிறது. அங்கே அவர் காலைச் சிற்றுண்டி அருந்திய அறை மிகச் சிறியது. மேலே குவிந்த விதானம். அதன் ஓரங்களில் மறைவான வழிகளிலிருந்து வெளிச்சம். ஆங்காங்கே சிறு குவிகண்ணாடிகள். அவை வெளிச்சத்தைச் சிதறடித்து அறையின் எல்லையையே மறக்கச் செய்கின்றன. நம் வீட்டுக்கு அவ்வளவு ஆடம்பரம் வேண்டுவதில்லை. பீரோக் கதவிலிருந்த நிலைக்கண்ணாடியைக் கழற்றி ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டினோம். கூடத்துக்கு இன்னொரு ஜன்னல் கிடைத்தது. ஆனால் ஓர் எச்சரிக்கை: கண்ணாடிக்கு நல்லது கெட்டது தெரியாது. வேப்பமரத்துக்கு எதிரே வைத்தால் இரண்டு வேப்பமரம். துணி மூட்டைக்கு எதிரே வைத்தால் இரண்டு மூட்டை!

நான்காவது, அலங்காரம். ஜப்பானியரின் தேநீர் அறைகளில் பெயர்பெற்றது நாலரைப் பாய் விரிக்கும் அளவுள்ளது. பக்கத்துக்கு ஒன்பது அடி இருந்தால் அதிகம். அங்கே சுவரில் ஒரு மாடம் அமைத்து, ஒரே ஒரு சித்திரச் சுருளைத் தொங்கவிட்டு, பக்கத்தில் சில மலர்களை வைப்பார்கள். பருவம் மாறினால் சித்திரமும் மாறும். மற்றச் சுவர்கள் வெறுமை. நம் வீட்டுச் சுவரிலோ காலண்டர்கள் நான்கு, கல்யாணப் படங்கள் ஆறு, பரிசுக் கேடயங்கள் பதினொன்று! எல்லாவற்றையும் ஒருங்கே பார்க்கும் கண் ஒன்றையும் பார்ப்பதில்லை. தாத்தாவின் படம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றைப் பெட்டியில் அடுக்கினோம். பல வருஷங்களுக்குப் பிறகு வந்தவர்கள் அந்தப் படத்தைப் பார்த்து, "இவர் யார்?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஐந்தாவது, ஆசனம். இங்கிலாந்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007-ல் அங்கேயே மறைந்த லாரி பேக்கர், எளியவர்களுக்குச் சிக்கனமான வீடுகள் கட்டிப் புகழ்பெற்றவர். சுவரோடு சுவராகச் செங்கல்லால் இருக்கை அமைத்துவிடுவது அவர் கையாண்ட முறைகளுள் ஒன்று. இதைப் புதுமை என்று நாம் வியக்க வேண்டியதில்லை; நம் திண்ணைதான் உள்ளே வந்திருக்கிறது. ஸோபாக்களை நாமும் ஒரு விசாலமான வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டோம். விலையில் பாதிதான் தேறியது. மீதியைப் படிப்புச் செலவு என்று எழுதிவிட்டோம். சுவரோரமாக ஒன்றரை அடி அகலத்தில் நீண்ட மரப்பலகை ஒன்றைப் போட்டோம். முழங்கால் வலிக்காரரும் எழுந்திருக்கத்தக்க உயரம். அடியில் பெட்டிகளும் தலையணைகளும் அடங்குகின்றன. டெலிவிஷன் சுவரில் ஏறிவிட்டது. டீப்பாய்க்குப் பதில், வேண்டும்போது எடுத்து வைக்க இரண்டு முக்காலிகள். பரண்மேல் எட்டுக் கோரைப் பாய்கள்.

இவையனைத்தும் செய்தபின் கூடம் ஓர் அங்குலமும் வளரவில்லை. இன்றும் அது பத்துக்குப் பன்னிரண்டுதான். ஆனால் வருகிறவர்கள், "சுவரை இடித்துக் கட்டினீர்களா?" என்று கேட்கிறார்கள். நாகரிகம் குறைந்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை. வெறுந்தரையைக் கண்டு வெட்கப்படும் பழக்கம் நம்மிடையே எப்போது வந்ததோ தெரியவில்லை. துடைத்துக் கோலமிட்ட வெறுந்தரையைவிட அழகான அலங்காரம் கடையில் விற்பதாக நமக்குத் தோன்றவில்லை.

ஒரு சாமானை வாங்குமுன் நம் நேயர்கள் ஒரு சிறு பரீட்சை செய்து பார்க்கலாம். அதன் நீள அகலத்தைச் சாக்கட்டியால் தரையில் வரைந்து, ஒரு வாரம் அந்தக் கோட்டுக்குள் கால் வைக்காமல் வீட்டில் நடமாடுங்கள். வாரக் கடைசியில் இன்னும் ஆசை இருந்தால் வாங்குங்கள். நம் வீட்டில் இந்தப் பரீட்சையில் இதுவரை எந்தச் சாமானும் தேறவில்லை.

மூன்றாம் அமாவாசைக்குப் பெரியம்மாவுக்கு நாமே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். வந்தார். வாசற்படியில் ஒரு கணம் நின்று கூடத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பின், சுவரில் முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் நன்றாக நீட்டித் தரையில் உட்கார்ந்துகொண்டு, வெற்றிலைப் பையைத் திறந்தார். அன்றிரவு பதினொரு பேர். காலையில் முதல் பஸ்ஸுக்கு யாரும் போகவில்லை.